உருகிப்போகும் சாரம்

ஹைட்ரோஜெல் என்பது நீர் கோத்த களி. காற்றில் முப்பரிமாணமாக அச்சிட்டால் தன் பாரத்திலேயே சரிந்துவிடும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழுவினர் 2015இல் வெளியிட்ட வழியை நினைக்கும்போதெல்லாம் வியக்கிறேன். ஜெலட்டின் துகள்கள் நிறைந்த குழம்புக்குள்ளேயே ஊசியை இறக்கி அச்சிடுகிறார்கள். ஊசி நகர்கையில் குழம்பு இளகி வழிவிடுகிறது. நகர்ந்ததும் இறுகி, விழுந்த இழையை அந்தரத்தில் ஏந்திக்கொள்கிறது. பிள்ளைக்கு நீச்சல் பழக்குபவரின் உள்ளங்கை மாதிரி!

அச்சு முடிந்ததும் 37 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும். நம் உடம்பின் சூடுதான் அது. ஜெலட்டின் உருகி வடிய, வடிவம் மட்டும் நிற்கும். கட்டடச் சாரத்தைக்கூட யாரும் இத்தனை மென்மையாகப் பிரிப்பதில்லை.

2019இல் அதே குழுவினர் இதே வழியில் கொலாஜன் என்னும் புரதத்தையும் மனித இதயத் தசைச் செல்களையும் கொண்டு சிறிய இதயக் கீழறை ஒன்றை அச்சிட்டார்கள். அது சீராகத் துடித்தது.