ஓடும் ஸ்லைடரும் போகாத டிராயிங்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு மெஷின் ஷாப்பின் இணையதளத்தை யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர். அவர் கையில் ஒரு டிராயிங் இருக்கும். பழைய சப்ளையர்கள் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டாயிற்று. புதிதாக ஒருவர் வேண்டும். யாரோ சொன்ன பெயரைக் கூகுளில் தட்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். என்னென்ன மெஷின் இருக்கிறது, எவ்வளவு பெரிய பீஸ் வரை பிடிக்கலாம், எந்தெந்த மெட்டீரியல் ஓட்டுவார்கள், ஐஎஸ்ஓ 9001 உண்டா, வண்டி உதிரிபாகம் என்றால் ஐஏடிஎஃப் 16949 உண்டா, சிஎம்எம்மில் அளந்து ரிப்போர்ட் தருவார்களா.

தளம் திறந்ததும் அவர் பார்ப்பது வேறு. மஞ்சள் ஹெல்மெட் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்குகிறார்கள். படம் நகர்கிறது; பல்சக்கரங்கள் சுழல்கின்றன. மறுபடி நகர்கிறது, வாடிக்கையாளர் திருப்தியே லட்சியம் என்று ஒரு வாசகம். மெஷின் விவரம் மூன்றாவது மெனுவுக்குள் நான்கு புகைப்படங்களாகக் கிடக்கிறது, அளவு எதுவும் இல்லாமல். அவர் பின்னால் போய் அடுத்த பெயரைத் தட்டுகிறார்.

இதைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி வரும் வேலைக்குப் பயனர் அனுபவ மேம்பாடு என்று பெயர். ஏஜென்சிக்காரர்கள் வாயில் யுஎக்ஸ். அண்ணா நகரிலிருந்தும் முகப்பேரிலிருந்தும் லேப்டாப்போடு எஸ்டேட்டுக்கு வந்து, தளத்தைப் புதுசாகப் பண்ணித் தருகிறோம் என்று பேசும் இளைஞர்கள் இன்று ஏராளம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மையிலேயே பயனுள்ளது. மீதிப் பாதி, பல லட்சம் பேர் வந்துபோகும் கடைகளுக்காக உருவான வைத்தியத்தை நாளுக்கு இருபது பேர் வரும் தளத்துக்குக் கொடுப்பது.

1964ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டை, ஏறத்தாழ 1,400 ஏக்கரில் நார்த் ஃபேஸ், சவுத் ஃபேஸ் என்று பரந்து கிடக்கிறது. இங்குள்ள சிறு ஆலைகளுக்கு ஆர்டர் வந்த வழி நெடுங்காலம் ஒன்றுதான்: தெரிந்தவர் சொல்வது. பாடியின் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற பெரிய கம்பெனிகள் கூப்பிடும் தூரத்தில் இருந்தன. அதற்கு மேல் வேண்டுமென்றால், தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான அய்மா நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் அக்மீ கண்காட்சியில் ஸ்டால் போட்டு விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள். அந்தக் கார்டில் ஒரு வரி சேர்க்கத்தான் பலருக்கு இணையதளமே தேவைப்பட்டது. சிலர் அந்தச் செலவும் வேண்டாமென்று கூகுள் இலவசமாகத் தந்த ஒற்றைப் பக்கத் தளத்தோடு நின்றார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையை மூடியது. கார்டில் அச்சான முகவரி எங்கேயும் போகாததாக ஆகிவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வேகம் என்று யுஎக்ஸ்காரர்கள் அடித்துக்கொள்வது வீண் பேச்சு அல்ல. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். நம் தளங்கள் அதில் தவறுவதற்கான காரணம் பெரும்பாலும் அற்பமானது. முதலாளி செல்போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4,000 பிக்சல் அகலம், நாலைந்து எம்பி எடை. அதை அப்படியே முகப்பில் படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடரில் ஏற்றிவிடுகிறார்கள். பார்ப்பவரின் போன் திரையில் அது நான்கு விரல் அகலத்துக்குத்தான் தெரியும். 1,200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால் அதே படம் 150 கேபி அளவுக்கு வந்துவிடும். பத்துப் படம் உள்ள பக்கம் 45 எம்பியிலிருந்து ஒன்றரை எம்பிக்கு இறங்கும். ஒரு மத்தியான நேர வேலை. தகரக் கூரைக்குக் கீழே, சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் நின்றுகொண்டு தளத்தைத் திறப்பவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

ஸ்லைடரை எடுத்துவிடுங்கள் என்பதும் சரியான அறிவுரைதான். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத் தளத்தைப் பற்றி அங்கே வெப் பணியில் இருந்த எரிக் ரன்யன் 2013ல் வெளியிட்ட கணக்கின்படி, முகப்பில் ஓடும் படங்களைச் சொடுக்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர். அவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முதல் படத்தோடு நின்றுவிட்டார்கள். இந்த விவரம் தெரிந்த ஏஜென்சிகளும் ஸ்லைடரைப் போட்டுத் தருகின்றன, முதலாளி கேட்கிறார் என்பதற்காக. பணம் கொடுப்பவர் அவர்தானே. தளத்தைப் பயன்படுத்துபவர் ஒருவர், அதற்கு ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்ற இந்தச் சிக்கலுக்கு யுஎக்ஸ் பாடப் புத்தகங்களில் அத்தியாயம் குறைவு.

குறை தொடங்குவது குறைக்கச் சொல்லும் இடத்தில். எழுத்தைக் குறை, அட்டவணையை மறை, வெள்ளை இடம் விடு, ஒரு பக்கத்துக்கு ஒரு சேதி போதும் என்பது இன்றைய டிசைன் பாணி. துணிக்கடைக்கும் உணவு ஆப்புக்கும் பொருந்தலாம். விஎம்சி மில்லிங் மெஷினின் டேபிள் அளவும் லேத்தின் அதிகபட்ச விட்டமும் தேடி வருபவருக்கு, நாற்பது வரி அட்டவணைதான் நல்ல அனுபவம். அது அழகாக இல்லாவிட்டால் என்ன?

இதற்கு உலகமறிந்த சான்று மெக்மாஸ்டர் கார். 1901ல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி; போல்ட், நட், பேரிங் என்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களை விற்கிறது. அதன் தளத்தில் கைகுலுக்கும் மனிதர்கள் இல்லை, ஓடும் படம் இல்லை. சின்னச் சின்னப் படங்கள், அளவுகளால் நிரம்பிய அட்டவணைகள், பொருளுக்கான கேட் (CAD) மாடலை இறக்கிக்கொள்ளும் வசதி. மவுஸ் ஒரு இணைப்பின் மேல் போய் நிற்கும்போதே அடுத்த பக்கத்தை ரகசியமாக வரவழைத்து வைத்துக்கொள்ளும். சொடுக்கியதும் பக்கம் சட்டென்று வந்து நிற்கும். பார்த்தால் பழங்காலத் தளம் போலிருக்கும். வெப் டெவலப்பர்கள் அதைத்தான் வியந்து கொண்டாடுகிறார்கள். ஆட்களோ பணமோ அந்த அளவுக்கு இல்லாத அம்பத்தூர் ஷாப்கூட அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: மெஷின் லிஸ்ட்டை முகப்பிலேயே, எழுத்தாக, அளவுகளோடு போடுவது. படமாகவோ பிடிஎஃப் ஆகவோ போட்டால் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு குறை அளவீட்டில். ஏ/பி டெஸ்ட் இந்தத் துறையின் பெருமைக்குரிய கருவி. ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி எது வெல்கிறது என்று பார்ப்பது. நூற்றுக்கு இரண்டு பேர் என்கொயரி அனுப்பும் தளத்தில், அது மூன்றாக உயர்ந்ததா என்று நம்பிச் சொல்ல ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 4,000 பேர் தேவை. நாளுக்கு இருபது பேர் வரும் இடத்தில் அதற்கு ஒரு வருஷத்துக்கு மேலாகும். வந்த வேகத்தில் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று மாத ரிப்போர்ட்டில் வரும் 'பவுன்ஸ் ரேட்'டும் இப்படித்தான். நம்பரைப் பார்த்து எட்டு விநாடியில் மேஜை போனை எடுத்துக் கூப்பிட்டவர், அந்தக் கணக்கில் ஓடிப்போனவர். இங்கே உதவக்கூடியது எளிய வழி. பயன்பாட்டுச் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று யுஎக்ஸ் நிபுணர் ஜேகப் நீல்சன் 2000ல் எழுதினார். பழகிய பர்ச்சேஸ்காரர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, தளத்தைத் திறந்து நம்மிடம் என்ன மெஷின் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்றாலே போதும், பாதிக் குறை தெரிந்துவிடும். ஏஜென்சிகள் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை. பில் போட இதில் ஒன்றும் இல்லையே.

என்கொயரி ஃபாரத்துக்கு வருவோம். பெயர், கம்பெனி, பதவி, ஊர், மின்னஞ்சல், போன், பொருள், செய்தி, கடைசியில் கோணலான கேப்ட்சா. ஒன்பது பெட்டி இருக்கிறது; டிராயிங்கை இணைக்க ஒரு இடம் இல்லை. டிராயிங் இல்லாமல் எந்த ஷாப்பும் விலை சொல்லாது, கேட்பவரும் வேறெதையும் அனுப்ப வரவில்லை. விளைவு, "சார், வாட்ஸ்அப்ல போட்டுடுங்க." வாட்ஸ்அப் பொத்தான் வைப்பது இன்று யுஎக்ஸ்காரர்களின் முதல் யோசனை. பதில் சீக்கிரம் வருகிறது, தட்டச்சு வேலை இல்லை, ஃபோர்மேனுக்கே நேராக அனுப்பிவிடலாம். ஆனால் வாடிக்கையாளர் கம்பெனியின் டிராயிங் கல்யாணப் படங்களுக்கும் காலை வணக்கச் செய்திகளுக்கும் நடுவே யாரோ ஒருவரின் சொந்த போனில் உட்கார்ந்துவிடுகிறது. மார்க்கெட்டிங் ஆள் வேலையை விட்டால் என்கொயரியும் அவரோடு போய்விடும். டிராயிங் இப்படிச் சொந்த போனுக்குப் போவதை ஒத்துக்கொள்ளாதவர்கள் பெரிய கம்பெனிகளில் உண்டு. பெயர், போன், ஃபைல் என்று மூன்று பெட்டியோடு ஒரு ஃபாரமும் பக்கத்தில் வாட்ஸ்அப்பும் இருந்தால், எது தோதோ அதை வருபவரே எடுத்துக்கொள்வார்.

ஆவடிப் பக்கம் கதை சற்று வேறு. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து ஆவடியைத் தலைமையகமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அதற்கு உதிரிபாகம் கொடுப்பவர்களுக்கு ஆர்டர் டெண்டர் தளங்கள் வழியாக வருகிறது. சொந்தத் தளம் விற்பதற்கு அல்ல, சரிபார்க்கப்படுவதற்கு. அங்கே கவர்ச்சியான பொத்தான்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி எண், உத்யம் பதிவு, சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம், இவைதான் வேண்டும். ஆலை வாசலில் உள்ள பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருப்பதால் அது பலகையில் பளிச்சென்று இருக்கிறது. தளத்தில் தேடினால் கிடைப்பதில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபங்கள், ஃபர்னிச்சர் கடைகள், ஸ்கேன் சென்டர்கள் போன்றவற்றுக்குப் பொதுமக்களே வாடிக்கையாளர்கள். அங்கே வழக்கமான யுஎக்ஸ் பாடம் ஏறக்குறைய முழுதும் பொருந்தும், தமிழ் ஒன்றைத் தவிர. ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானில் தமிழ் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அதைப் பார்த்ததும் உரிமையாளர் தமிழே வேண்டாம் என்றுவிடுகிறார். பெட்டியைப் பெரிதாக்கச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

இத்தனைக்கும் அப்பால் ஒரு விஷயம் எந்த ஏஜென்சியின் கொட்டேஷனிலும் வருவதில்லை. ஃபாரம் அனுப்பிய என்கொயரி எந்த மெயில்பெட்டிக்குப் போகிறது, அதை யார் திறக்கிறார்? தளத்தை முதலில் செய்தபோது கொடுத்த ஐடியின் பாஸ்வேர்டு மறந்துபோய், உள்ளே என்கொயரிகள் படிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே இருப்பது இங்கே அபூர்வம் அல்ல. அதற்குள் முதலாளி மார்க்கெட்பிளேஸ் தளங்களுக்குச் சந்தா கட்டி, இன்னும் பல சப்ளையர்களுக்கும் போகும் அதே லீடைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார்.

தளப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் கட்டும் ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் ஹோஸ்டிங், டொமைன் புதுப்பிப்பு, எஸ்எஸ்எல் ஆகியவை இருக்கும். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலாளி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தளம் செய்தவரின் பெயரிலேயே இருந்து, சண்டை வந்ததும் கைவிட்டுப் போன கதைகள் உண்டு. புது மெஷின் வந்தால் லிஸ்ட்டில் சேர்ப்பது, விற்றதை எடுப்பது, மாதம் ஒருமுறை ஃபாரத்தில் சோதனை என்கொயரி ஒன்று அனுப்பிப் பதில் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று குறிப்பது ஆகிய மூன்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னால், அடுத்த ரீடிசைனுக்கான பேச்சை இரண்டு வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம்.