‘எத்தனை தடவை சொல்றது?’ – பெற்றோர் வகுப்புகளின் தமிழைப் பற்றி

ஆசிரிய நண்பர்களே, தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே,

இந்த முறை விமர்சனத்துக்கு நான் எடுத்துக்கொண்டது கதையோ கவிதையோ இல்லை. அடிக்கடி வெடித்துக் கோபப்படும், அடம்பிடிக்கும், பள்ளிக்கு வரவே பயப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்காக நடக்கும் வகுப்புகளையும், அங்கே கொடுக்கப்படும் தமிழ்க் கையேடுகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒரு பனுவல்தானே? நம்மில் சிலர் அவற்றை மொழிபெயர்த்துக் கொடுத்திருப்போம். சிலர் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரி தமிழில் சொல்லியிருப்போம். ஒரு சிறுகதையை உற்றுப் படிப்பதுபோல் அந்தக் கையேட்டையும் படித்துப் பாருங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறை நல்ல முறை. தமிழ்தான் உதவவில்லை. உதவாத தமிழ், கடைசியில் அந்த நல்ல முறையையே கெடுத்துவிடுகிறது.

முறை எங்கிருந்து வந்தது? சிங்கப்பூரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2014இல் ‘டிரிபிள் பி’ என்ற திட்டத்தைப் பள்ளிகள் வழியாகக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் குழுவினர் உருவாக்கியது அது. அமெரிக்காவின் சியாட்டலில் கேரலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய ‘இன்கிரெடிபிள் இயர்ஸ்’, ஷீலா ஐபெர்க் 1970களில் தொடங்கிய பெற்றோர்–பிள்ளை உறவாடல் சிகிச்சை இரண்டும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. இவற்றுக்கெல்லாம் பின்னால், ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்கே ஆள் அனுப்பிக் கவனித்துக் கண்டறிந்த ஒரு விஷயம் இருக்கிறது.

நம் வீட்டுக் காட்சியாகவே சொல்கிறேன். இரவு 9 மணி. ‘போனை வை’ என்கிறார் அம்மா. பிள்ளை கத்துகிறான். அம்மா மறுபடி சொல்கிறார். அவன் இன்னும் சத்தமாகக் கத்துகிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று அம்மா, ‘சரி, பத்தே நிமிஷம்’ என்கிறார். சத்தம் உடனே நின்றுவிடுகிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். இன்னொரு நாள் அம்மா மேசையைத் தட்டிக் கத்துகிறார், பையன் அடங்கிவிடுகிறான். அன்றைக்குக் கத்துவதன் பலனைக் கற்றுக்கொண்டவர் அம்மா. இப்படியே மாறி மாறி ஏறிக்கொண்டு போகும். பேட்டர்சன் இதை 1982இல் ஒரு நூலாகவே எழுதினார். மாணவர்களே, ‘பெற்றோர் கண்டிக்காததால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்’ என்று கட்டுரையை முடிக்கும் முன், இந்தக் காட்சியில் யார் கெட்டவர் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இனி கையேட்டின் தமிழுக்கு வருவோம். நான் பார்த்த பக்கங்களில் அடிக்கடி வரும் சொற்கள் மூன்று: ‘புறக்கணித்தல்’, ‘தனிமைப்படுத்துதல்’, ‘விளைவுகள்’.

சின்னச் சின்னச் சிணுங்கலுக்கு எதிர்வினை காட்டாமல் இருங்கள் என்பதுதான் மூலத்தில் உள்ள கருத்து. அது தமிழில் ‘பிள்ளையைப் புறக்கணிக்கவும்’ என்று வந்து நிற்கிறது. எந்தத் தாய் இதைச் செய்வார்? சோறு போடாமல் விடுவதும் புறக்கணிப்புதான். இத்தனைக்கும் தமிழில் ‘கண்டும் காணாமல் இருப்பது’ என்று அழகாக ஒரு வழக்கு இருக்கிறது. பிள்ளையைப் பார்க்கிறோம், அவன் பத்திரமாக இருக்கிறான் என்பதும் தெரிகிறது, ஆனால் அந்தச் சிணுங்கலுக்கு மட்டும் முகம் கொடுப்பதில்லை. மூலச் சொல்லைவிட இது துல்லியம் என்றே சொல்வேன்.

‘தனிமைப்படுத்துதல்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020க்குப் பிறகு இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கொவிட்டும் ஆணைக் கடிதமும்தான். உண்மையில் அது, பிள்ளைக்குச் சுவாரசியமாக இருக்கும் விளையாட்டு, வேடிக்கை, நம் கவனம் ஆகியவற்றிலிருந்து சில நிமிட இடைவெளி. அறையில் போட்டுப் பூட்டுவது கிடையாது. ‘ஆறவிடுதல்’ என்று சொல்லிப் பார்த்தேன். முழுக்கச் சரியான சொல் இல்லைதான், ஆனால் பயமுறுத்தாது. ‘விளைவுகள்’ என்பதையோ நாம் மிரட்டும்போது மட்டும்தான் பன்மையில் சொல்கிறோம்: ‘விளைவுகளைச் சந்திக்க வேண்டிவரும்!’

பாராட்டு விஷயம் இன்னும் சிக்கலானது. ‘வெரி குட்’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் செயல் பிடித்தது என்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும் என்பது இந்த வகுப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாடம். கையேடு தரும் எடுத்துக்காட்டு: ‘நீ உன் பொம்மைகளை எடுத்து வைத்ததை நான் மிகவும் விரும்புகிறேன்.’ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வகுப்பில் பெற்றோர் சிரித்துவிடுகிறார்கள். நம் குடும்பங்களில் பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்வதற்குக் கூச்சம் உண்டு. கண் பட்டுவிடும் என்ற பயமும் உண்டு. அதற்காக நாம் பாராட்டுவதே இல்லையா என்ன? இன்னொருவரிடம் சொல்வதுபோல் சொல்லி, பிள்ளையின் காதில் விழ வைப்போம். ‘பாட்டி, பாத்தீங்களா, யாரும் சொல்லாமலேயே தம்பி தட்டைக் கழுவி வச்சிட்டான்.’ குறிப்பான பாராட்டு, உண்மையான பாராட்டு, கேட்கும் பிள்ளைக்குக் கூச்சமும் இல்லை. எந்தக் கையேட்டிலும் இதை நான் பார்த்ததில்லை. இதே பழக்கத்துக்கு ஒரு கெட்ட முகமும் இருக்கிறது. விருந்தினர் வந்தவுடன், பிள்ளை பக்கத்திலேயே நிற்கும்போது, ‘இவனை வச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே’ என்று தொடங்குவோம். தமிழ்ப் பெற்றோருக்கான கையேடு இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது கேள்விகள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

ஐபெர்க்கின் சிகிச்சை இரண்டு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கானது. பெற்றோர் காதில் ஒரு கருவி இருக்கும். பயிற்சியாளர் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து அதில் பேசி வழிகாட்டுவார். தினமும் வீட்டில் 5 நிமிட விளையாட்டு. அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த 5 நிமிடத்தில் 10 குறிப்பான பாராட்டு, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்வது 10, செய்வதை வர்ணிப்பது 10 வேண்டும். கேள்வி, கட்டளை, குறைசொல்லல் மூன்றும் சேர்ந்து மூன்றைத் தாண்டக்கூடாது. ‘கேள்வி கேட்காம எப்படி டீச்சர் பிள்ளைகிட்ட பேசுறது?’ என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் பிள்ளைகளிடம் பேசுவதில் பெரும்பகுதி கேள்விதான்.

நன்னூலில் பவணந்தியார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நாம் வீட்டில் கேட்பவற்றை இந்த ஆறில் போட்டுப் பாருங்கள். ‘மணி என்னன்னு தெரியுமா?’ – தெரிந்துகொண்டே கேட்கிறோம், அறிவினா. ‘பையை எடுத்து வச்சியா?’ – எடுத்து வை என்ற கட்டளை, ஏவல்வினா. ‘எத்தனை தடவை சொல்றது?’ – இதற்கு நன்னூலில் இடமே இல்லையோ என்று தோன்றுகிறது. ‘ஏழு தடவை’ என்று பதில் சொன்ன பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். உண்மையிலேயே தெரியாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்கும் அறியாவினா ஒரு நாளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஐபெர்க் எல்லாக் கேள்விகளையும் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேள்வி கேட்டவுடன் விளையாட்டு பிள்ளையின் கையிலிருந்து நம் கைக்கு வந்துவிடும். ‘என்ன வரையுற?’ என்பதற்குப் பதிலாக ‘நீலத்தை எடுத்துட்ட… பெரிய வட்டமா போடுற’ என்று சொல்ல வேண்டும். கையேடு இதை ‘நடத்தை விவரணை’ என்கிறது. இதற்கா இவ்வளவு கனமான பெயர்? சோறு ஊட்டும்போது தமிழ்த் தாய் பேசாத பேச்சா இது? ‘காக்கா வந்துருச்சு, கண்ணு வாயைத் திறக்குது, ஒரு வாய் உள்ளே போச்சு’ என்று நிறுத்தாமல் வர்ணனை செய்கிறோமே! பிள்ளை பேசத் தொடங்கியதும் அந்த வர்ணனையை நிறுத்திவிட்டுக் கேள்விக்கு மாறிவிடுகிறோம். ‘சோறு ஊட்டும்போது பேசுவீங்களே, அந்த மாதிரி’ என்று அந்தத் தாயிடம் சொன்னேன். பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

வினாவுக்கு அடுத்தது விடை. நன்னூல் எட்டு விடைகளைச் சொல்கிறது. மூன்று நேரடியானவை, ஐந்து மறைமுகமானவை. இந்த ஐந்தில்தான் சிரமப்படும் பிள்ளைகள் வாழ்கிறார்கள். ‘ஸ்கூலுக்குக் கிளம்பலியா?’ – ‘வயிறு வலிக்குது.’ இது உற்றது உரைத்தல். ‘இன்னைக்காவது போறியா?’ – ‘எல்லாரும் சிரிப்பாங்க.’ இது உறுவது கூறல். ‘ஏன் அவனை அடிச்ச?’ – ‘நீங்க மட்டும் என்னை அடிக்கலாமா?’ இது வினா எதிர் வினாதல். நாம் இவற்றைச் சாக்கு என்கிறோம், எதிர்த்துப் பேசுவது என்கிறோம். இலக்கணம் இவற்றை விடை என்கிறது. ‘போறியா’ என்று கேட்டதற்கு ‘சிரிப்பாங்க’ என்று ஒரு பிள்ளை சொன்னால், போகாததற்கான காரணம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. அதைக் கேட்காமல் நட்சத்திர அட்டையில் நாள் தவறாமல் ஒட்டு வில்லை ஒட்டி என்ன பயன்?

உணர்ச்சிப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் என்று நான்கு முகங்களைப் போட்டு, பிள்ளையைத் தொட்டுக்காட்டச் சொல்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுகள் எட்டு. அதில் இளிவரல் என்று ஒன்று இருக்கிறது. தான் தாழ்ந்துபோய்விட்டதாக, அவமானப்பட்டதாக உணர்வது. உயர்நிலைப் பள்ளியில் நான் காணும் கோபத்தில் பாதிக்குமேல் இளிவரலிலிருந்துதான் கிளம்புகிறது. படத்தில் அந்த முகம் இல்லாததால் பிள்ளை கோப முகத்தையே தொடுகிறான். நாமும் கோபத்தை அடக்கப் பயிற்சி கொடுக்கிறோம்.

முறையின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, இப்படிப்பட்ட குழு வகுப்புகளை 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் பரிந்துரைக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் குடும்பம், பள்ளி, சமூக சேவையாளர் எல்லாரும் சேர்ந்து செய்யும் வேறு வழிகளைச் சொல்கிறது. பதின்ம வயதினருக்கு டிரிபிள் பி-யில் தனிப் பிரிவு இருக்கிறது என்றாலும், நம்மிடம் வரும் கையேடுகளில் எடுத்துக்காட்டுகள் பொம்மையும் ஒட்டு வில்லையுமாகவே இருக்கின்றன. 14 வயதுப் பையனின் தகப்பனார் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தூங்காமல், சாப்பிடாமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு வகுப்பு போதாது என்பதையும் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் சொன்னால், 2007 முதல் இயங்கும் மனநலக் கழகத்தின் ‘ரீச்’ குழுவரை வழி இருக்கிறது.

கடைசியாக, வகுப்புக்கு யார் வருகிறார்கள்? பெரும்பாலும் தாய்மார்கள், அதுவும் தனியாக. மூவறை வீட்டில் அம்மா கண்டும் காணாமல் இருக்கும்போது, ‘புள்ளை அழுவுது, உனக்குக் காது கேக்கலியா?’ என்று தூக்கிக்கொள்ளப் போவது பாட்டி. அவருக்கு அழைப்பே போவதில்லை. அம்மாவுக்குப் போகும் கடிதம் எப்படி இருக்கிறது? ‘தங்கள் பிள்ளையின் நடத்தைப் பிரச்சினை தொடர்பாகப் பெற்றோர் வகுப்பில் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஊகிக்க நன்னூல் வேண்டாம்.

நான் இப்போது இப்படி எழுதிக் கொடுக்கிறேன்: ‘சாயங்கால நேரம் வீட்டில் சண்டை இல்லாமல் போக என்ன செய்யலாம் என்று சில பெற்றோர் கூடிப் பேசுகிறோம். பாட்டி, தாத்தா வந்தால் இன்னும் நல்லது. இரவு வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை காலை வரலாம். தேநீர் உண்டு.’ உங்கள் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்துங்கள். கையேட்டின் எந்தச் சொல்லில் பெற்றோர் தயங்கி நின்றார்கள், எந்தச் சொல்லில் சிரித்தார்கள் என்று குறித்து வைத்து அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். என்னிடம் இருக்கும் பட்டியல் இன்னும் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.