மண்ணும் சுருதியும்

சங்கப் பாடல்களைப் பயிற்றும்போது, முழவுக்கு அடையாக வரும் 'மண்' என்னும் சொல்லை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். உரைகாரர் அதற்கு 'மார்ச்சனை' என்று பொருள் எழுதினர். நாமோ 'தோலின்மேல் பூசும் சாந்து' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குச் செல்கிறோம். எதற்காகப் பூசினர் என்று இளமையில் கேட்டு, 'அழகுக்காக' என்னும் விடையைப் பெற்றவர்களுள் யானும் ஒருவன்.

உண்மை விடையை யான் கண்டது வகுப்பறையில் அன்று. சுங்கை பினாங்கில், மிருதங்கம் வாசிக்கும் முதியவர் ஒருவரின் வீட்டில். ஆறும் கடலும் அருகிருக்கும் அவ்விடத்து ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். வாசிக்குமுன் அவர் கல்லும் கட்டையும் கொண்டு வலந்தலையின் விளிம்புப் பின்னலைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். விளிம்பு எங்கும் ஒரே ஒலி எழுந்து, அது பாடுவோரின் ஆதார சட்சத்தோடு இணையும்வரை ஓயமாட்டார். பின் ரவையை நீரில் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவார். அப்பு கூடினால் ஒலி தாழும், குறைந்தால் உயரும். வாசித்து முடிந்ததும் அதைச் சுரண்டி எறிந்துவிடுவார். அழகுக்குப் பூசியதாயின் சுரண்டுவானேன்?

தோல் முழக்குக்கு ஆற்றங்கரைக் கருமண்ணைப் பூசுமாறும், அது கிடையாதபோது கோதுமை முதலியவற்றின் மாவைக் கொள்ளுமாறும் நாட்டிய சாத்திரம் விதிக்கிறது. முதியவரின் ரவை அந்த மரபின் எச்சமே. வலந்தலையின் நடுவிலுள்ள கரிய 'சோறு' இன்னும் நுட்பமானது. இரும்புச் சத்துள்ள கல்லின் பொடியையும் சோற்றையும் கூட்டி, அடுக்கடுக்காகத் தேய்த்து உலர்த்தியது அது. வெறுந்தோலை அடித்தால் எழும் மேலொலிகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று பொருந்தா விகிதத்தில் நிற்கும். ஆகவே திட்டமான சுரம் கேளாது. சோற்றின் பாரத்தால் அவை 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண் விகிதத்துக்கு நெருங்குகின்றன. சர் சி. வி. இராமன் 1920இலும் 1934இலும் எழுதிய கட்டுரைகளில் இதனை நிறுவினார்.

இதனால், தோற்கருவிக்குத் தாளமன்றிச் சுரமில்லை என்று நம் கட்டுரையாளர் சிலர் எழுதுவது பொருந்தாது. இசைக் கருவிகளுக்கெல்லாம் தளமாதலால் மத்தளம் எனப் பெயர் பெற்றது என்னும் அடியார்க்கு நல்லாரின் விளக்கத்தை அவர்கள் வெறும் புகழுரையாகக் கொண்டனர் போலும். ஆயினும், மறுதலைக்கும் ஓர் எல்லை உண்டு. போர்முரசையும் பறையையும் சுரத்துக்கு இயைத்தனர் என்று சொல்வது மிகை. பறை தீயில் காய்ச்சப்படுவது தோலை இறுக்கவே. ஒரு பாடகரின் குரலோடு அதனைச் சேர்ப்பதற்கன்று. 'மண்' என்னும் அடை எங்கெங்கு வருகிறது, எங்கெங்கு வரவில்லை என்று மாணவர் தொகுத்துப் பார்த்தால், இசையரங்கின் முழவும் போர்க்களத்தின் முரசும் பிரியும் இடம் புலனாகக்கூடும். அத்தகைய ஆய்வேட்டை யான் இன்னும் கண்டிலேன்.

மற்றொன்று. ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் தோலைத் தேர்ந்து, வாரிழுத்துக் கட்டி, சோறு தேய்த்து, வாசிப்பவர் கையில் சேருமுன்பே சுருதியைக் கேட்டறியும் செவி, செய்பவருடையது. தஞ்சையின் செபாஸ்டியன் குடும்பத்தாரையும், பாலக்காடு மணி ஐயருக்காக உழைத்த பர்லாந்துவையும் டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ஆங்கில நூல் நமக்கு அறிமுகப்படுத்தியது. அவர்களுட் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அந்நூலைப் படித்தபின் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை மீண்டும் எடுத்தேன். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவரின் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். தண்ணுமைக்குத் தோல் போர்த்தவன் அவ்வரிசையில் இல்லை.