மூலமும் உரையும்: புதுப்பித்த பழைய நூலகத்தை ரசிப்பது எப்படி?

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்கு வந்து சேரும் ஜனத்திரளில் பெரும்பாலோர், எண்ணெய் தேய்த்த தலையோடு ஏதேனும் ஒரு கிளையின் கீழ் இடம் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த ஒரு கிளையே அருவி முழுவதும் என்ற திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நாலடி பின்னால் வந்து, மேலே ஒன்றாக வருகிற நீர் பாறையின் முகத்தில் எந்த இடத்தில் ஐந்தாகப் பிரிகிறது என்று அண்ணாந்து பார்ப்பவர் வெகு சிலர். குளிப்பது ஓர் இன்பம், பார்ப்பது மற்றோர் இன்பம். முன்னதற்கு உடம்பு போதும், பின்னதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒரு மனிதர் இந்த ஊரில் வாழ்ந்தார். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் ஒரே செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் நின்று எந்தச் சொல்லில் நகர வேண்டும் என்று காட்டுவதைக் கேட்க ராஜாஜியும் கல்கியும் இந்தச் சாரலுக்குள் தேடி வந்தார்கள். கம்பனில் இது மூலம், இது பிற்காலத்தார் நுழைத்த இடைச்செருகல் என்று அவர் பிரித்ததைப் பண்டிதர்கள் பலர் ஒப்பவில்லை. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி, கவிதைக்கு வெளியிலும் பயன்படக்கூடியது. பழைய நூலகக் கட்டடம் ஒன்றைச் செப்பனிட்டு விஸ்தரித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போகிறவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனத்துக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுதான்: புதிதாக வந்து சேர்ந்திருப்பது உரையா, இடைச்செருகலா?

நல்ல உரையாசிரியர் மூலத்தைத் தொடுவதில்லை. அதன் அடியில் தம் இடத்தை வகுத்துக்கொண்டு, தம் காலத்து மொழியில், தம் பெயரில் பேசுகிறார். மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்ட பழைய புத்தகங்களில் இந்த விநயம் கண்ணுக்கே தெரியும். இடைச்செருகல்காரரோ தம் பாட்டை எழுதிக் கவியின் பெயரில் விட்டுவிடுகிறார். கட்டடக் கலையிலும் இந்த இரு ஜாதியாரும் உண்டு.

முதற் பாடம்: தென்காசி

அப்படியொரு நூலகத்தைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏறுமுன், தென்காசிக் கோபுரத்தின் எதிரே பத்து நிமிஷம் நிற்பது நலம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் ஆலயத்தின் ராஜகோபுரம் சிதைந்து பிளந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடு நின்றதையும், ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு மீண்டும் எழும்பி 1990-இல் குடமுழுக்குக் கண்டதையும் இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வாசலில் வீசும் காற்று ஆளைத் தள்ளும் வேகத்தை அனுபவித்துவிட்டு உடனே உள்ளே போய்விடாமல், அடித்தளத்துக் கல்லில் பாண்டியர் காலத்தையும் அதன்மேல் அடுக்கடுக்காக எழும் நிலைகளில் நம் காலத்தையும் தனித்தனியே பார்த்து, இரண்டும் சேரும் கோட்டைக் கண்ணால் தேடுங்கள்.

இந்தக் கோயிலின் கல்வெட்டில் அந்த அரசன் விட்டுச் சென்ற ஒரு செய்தி, ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் சொல்லும் புதுப்பிக்கும் பணிக்கே ஓர் இலக்கணம் போன்றது. தான் கட்டிய ஆலயத்துக்குப் பிற்காலத்தில் பழுது நேருமானால், அதைச் செப்பனிடுகிறவர் யாராயினும் அவர் காலில் தான் விழுந்து வணங்குவதாக அவன் பொறித்து வைத்திருக்கிறான். தான் எழுப்பியது இடியும் என்று ஒப்புக்கொள்ளும் தெளிவு, பெயர் தெரியாத ஒரு கொத்தனாருக்கு முன்கூட்டியே முடி தாழ்த்தும் பணிவு, இரண்டும் சேர்ந்த மனம் அது. புதுப்பித்த கட்டடத்தைப் பார்க்கப் போகிறவன், கட்டியவனை மட்டும் வியந்துவிட்டு வந்தால் பாதியைத்தான் பார்த்தவனாகிறான்.

தூரத்திலிருந்து பார்ப்பது

செங்கோட்டையிலிருந்து மாலையில் புறப்படும் பொதிகை விரைவு ரயில் தென்காசி வழியாகச் சென்று மறுநாள் காலையில் எழும்பூரை அடைகிறது. அங்கிருந்து பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் நிற்கும் கன்னிமாரா பொது நூலகம் தூரமில்லை. இங்கிலாந்தில், இந்தியாவை ஆள வரும் அதிகாரிகளுக்குப் பயிற்சியளித்த ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்கள் 1860-களின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததே இதற்கு வித்து. கவர்னர் கன்னிமாரா பிரபு 1890-இல் அடிக்கல் நாட்ட, உயர் நீதிமன்றத்திலும் பின்னர் மைசூர் அரண்மனையிலும் தம் கைவண்ணம் காட்டிய ஹென்றி இர்வின் வரைந்த இந்தோ சாரசெனிக் பாணிக் கட்டடம், 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி திறக்கப்பட்டது.

பழைய கட்டடம் போதாமல் போனதற்கு இரண்டு சட்டங்கள் காரணம். நாட்டிலேயே முன்னோடியான 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக, 1950-இல் இது மாநில மத்திய நூலகமாயிற்று. பின்னர் 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி பெறும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்றாயிற்று. அச்சுக்கூடங்கள் ஓயாதவரை அங்கே அலமாரிகளும் போதா. நூலக இயலுக்கு ஐந்து விதிகளை 1931-இல் வகுத்துத் தந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராகக் கருதும் விதியைக் கடைசியாக வைத்தார். ஐந்தருவிக்காரனுக்கு ஐந்து என்ற எண் சுலபமாக நினைவில் நிற்கும். அந்த விதியின் வற்புறுத்தலால் 1970-களில் பழைய கட்டடத்தோடு பல மாடிப் புதுக் கட்டடம் சேர்ந்தது.

ஆகவே முதலில் உள்ளே போகாதீர்கள். வளாகத்தின் மரநிழலில், பழையதும் புதியதும் ஒரே பார்வையில் அடங்கும் இடமாகப் பார்த்து நின்று, புதிய கட்டடத்தின் உயரம் பழையதை அமுக்குகிறதா, அதன் பின்னால் ஒதுங்கி நிற்கிறதா, அதன் ஜன்னல்களின் வரிசை பழைய வளைவுகளின் தாளத்தோடு ஒத்துப்போகிறதா, அல்லது தன் பாட்டுக்குத் தனி ஜதி போடுகிறதா என்று நிதானமாக ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பொது நூலகம் இதற்கு நல்ல உதாரணம். கட்டடக் கலைஞர் மெக்கிம் வரைந்து 1895-இல் திறந்த மாளிகைக்குப் பக்கத்தில் 1972-இல் புதுக் கட்டடம் சேர்த்த பிலிப் ஜான்சன், பழையதன் கூரை மட்டத்தைத் தாண்டாமல், அதே வகை இளஞ்சிவப்புக் கருங்கல்லில், ஆனால் அதன் அலங்காரம் ஒன்றையும் காப்பியடிக்காமல் கட்டினார். உரை எழுதுவதென்றால் இப்படித்தான். அந்த உரையும் தெருவுக்கு முகத்தை மூடிக்கொண்டு சற்றுக் கடினமாக இருக்கிறதென்று ஜனங்கள் குறைப்பட, 2016-இல் முடிந்த திருத்தத்தில் ஜன்னல்களை மறைத்த கற்பலகைகளை அகற்றி உள்ளிருப்பதை வெளியே தெரியச் செய்தார்கள். உரைக்கும் விளக்கம் தேவைப்படுவது உண்டல்லவா?

ஒட்டைத் தேடுவது

அடுத்து, பழையதிலிருந்து புதியதற்குக் கால் மாறும் இடத்தைத் தேடுங்கள். கட்டடக் கலைஞனின் குணம் முகப்பில் தெரிவதைவிட இந்த ஒட்டில்தான் அதிகமாகத் தெரியும். தளத்தின் மட்டம் ஒரு படி மாறலாம், கூரையின் உயரம் சட்டென்று குறையலாம், சுவருக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் அகல நிழலோ கண்ணாடியோ விட்டிருக்கலாம். 'இதுவரை அவர், இதன் பிறகு நான்' என்று சொல்லும் நாணயமான அடையாளங்கள் இவை. அதற்கு மாறாக, பழைய தூணின் பூவேலையை அச்சில் வார்த்துப் புதுத் தூணில் ஒட்டி, நூறு வருஷத்துப் புகைநிறத்தையும் அதன்மேல் பூசி, எது எப்போது கட்டியது என்று பிள்ளைகள் திகைக்கும்படி செய்திருந்தால், அங்கே ஓர் இடைச்செருகலைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குறித்துக்கொள்ளலாம்.

சுவரை வாசிப்பது

பழைய சுவரின் அருகே செல்லுங்கள். அக்காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. நம் கொத்தனார்கள் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து நாட்கணக்கில் புளிக்கவிட்டு அரைத்த அந்தச் சாந்து, மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். இந்தச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் மூச்சை அடைத்ததுபோல் ஈரம் உள்ளேயே தங்கி, சில வருஷங்களில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிரும். அந்த ஈரத்தை நாடிக் கரையானும் வரும், புத்தகத்தை ஊடுருவித் துளைப்பதால் ராமபாணம் என்று பெயர் பெற்ற பூச்சியும் வரும். ஆகவே செப்பனிட்ட சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; சுண்ணாம்புக்கே உரிய குளிர்ச்சியும் மழமழப்பும் கிடைத்தால், வேலை செய்தவர் சுவரின் சுபாவம் அறிந்தவர் என்று நிச்சயிக்கலாம்.

அண்ணாந்து பார்க்கவும் மறவாதீர்கள். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ் தளம் அக்காலக் கட்டடங்களில் சாதாரணம். உளுத்துப்போன சட்டத்தை முழுதும் தூக்கியெறியாமல், கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் தேக்கை இழைத்துப் பொருத்தியிருக்கும் ஆசாரியின் கைவேலை, புது மரத்தின் நிறம் சற்று வெளுத்திருப்பதால் கூர்ந்து பார்ப்பவருக்குப் புலப்படும். அதைக் குறையென்று எண்ண வேண்டாம். அது அவருடைய கையொப்பம்.

பாரமும் வெளிச்சமும்

புத்தகம் கையில் லேசானது, அலமாரியில் மகா பாரம். வீட்டுத் தளம் ஒன்று சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்கினால் போதும் என்று கணக்கிடும் இந்தியத் தர விதிகள், நூலகத்தின் அடுக்கறைக்குக் குறைந்தது 600 கிலோ என்றும், அலமாரி உயர உயர அதற்கு மேலும் என்றும் விதிக்கின்றன. விஸ்தரிப்பின் யுக்தி விளங்குவது இங்கேதான். வயதான கட்டடத்தின் தோளிலிருந்து பாரத்தை இறக்கிப் புதிய கட்டடத்தின் தோளில் ஏற்றிவிட்டால், பழைய கூடம் தன் அழகை மட்டும் சுமந்துகொண்டு நிம்மதியாக நிற்கும். திருப்பணிக்கு முன்னால் மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்யும் நம் வழக்கத்தை அறிந்தவருக்கு, வேலை முடியும்வரை புத்தகங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்தும் சிரமமும் நன்றாகப் புரியும்.

கன்னிமாராவின் பழைய கூடத்தை எப்போது திறந்து காட்டுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். உயர்ந்த விதானமும், இலையும் பூவுமாகச் சுதையில் விரிந்த வேலைப்பாடும், வண்ணக் கண்ணாடியும், தேக்கு அலமாரிகளும் ஒருங்கே கண்ணைக் கவரும்போது எதையும் உடனே படம் பிடிக்காமல், வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்கே விழுகிறது என்பதை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மின்விளக்கு அரிதாயிருந்த நாளில் வாசகனின் பக்கத்துக்கு வெளிச்சமும், புத்தகத்தின் முதுகுக்கு நிழலும் தர வேண்டியிருந்த ஒருவனுடைய கணக்கு அந்தக் கூடம். புதுப்பித்தவர் அந்தக் கணக்கைக் கலைக்காமல் விளக்கைப் பொருத்தியிருந்தால், விளக்கு இருப்பதே உங்களுக்குத் தோன்றாது.

விதிக்கு ஒரு விலக்கு

பழையதை அப்படியே திரும்பச் செய்வது இடைச்செருகல் என்றேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் செல்லாது. சென்னையிலிருந்து சென்ற கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட பாணியில் வரைந்து, 1959-இல் திறந்த அந்தப் பொது நூலகம், 1981-ஆம் ஆண்டு மே 31 இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. கருகிய சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. முடிவில் குவிமாடமும் வெண்மையும் மாறாமல் முன்னிருந்த உருவிலேயே அது மீண்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசகருக்குத் திறந்தது. செல்லரித்துப்போன ஏட்டை உ. வே. சாமிநாதையர் எழுத்தெழுத்தாக மீட்டது போல, அங்கே நடந்தது மூலத்தையே மீட்கும் பணி. அங்கே நின்று ஒட்டைத் தேடுபவன் ரசிகனல்லன். காணாமற்போன ஏடுகளை நினைத்துச் சற்று மௌனமாக நிற்பதுதான் அந்த இடத்துக்குரிய ரசனை.

கடைசியில் செய்ய வேண்டியது

சுற்றிப் பார்த்தானதும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் நாற்காலி உறுத்துகிறதா, மாடிப்படியில் யாரோ பேசுவது காதில் விழுகிறதா, வயோதிகர் ஒருவர் கைப்பிடி பற்றி ஏற வழி இருக்கிறதா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மேஜையில் இடம் மிஞ்சுகிறதா என்பதெல்லாம் தாமாகவே தெரியவரும். நாலைந்து பக்கம் படித்த பிறகு கட்டடத்தையே மறந்துபோனீர்களானால், புதுப்பித்தவர் வென்றுவிட்டார்.

வெளியே வரும்போது, நாட்டியவர் பெயரும் திறந்தவர் பெயரும் பொறித்த கல்லைப் படித்துவிட்டு, சுண்ணாம்பு அரைத்தவர் பெயரும் தேக்கு இழைத்தவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இராது. தென்காசிக்கு ரயில் ஏறித் திரும்பி வந்து கோபுர வாசலில் மீண்டும் நிற்கும்போது, அந்தப் பாண்டியன் தன் தலையை யார் காலில் வைப்பதாகச் சொன்னான் என்பது, போகும்போது புரிந்ததைவிட இன்னும் கொஞ்சம் நன்றாகப் புரியும்.