நான்காவது அச்சம்

பேய்ப் படத்தைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகைதானா கிடைத்தது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வன்கொடுமை வழக்குகள் கிடக்கின்றன, பஞ்சமி நிலம் கிடக்கிறது, இதுல அமெரிக்காக்காரன் எடுத்த பழைய பிணப் படம் நமக்கு எதுக்கு என்று ஒரு தோழர் நேராகவே கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஞாபகம் இருக்கும். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று அது கணக்குச் சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய் பிசாசு வகையறாவெல்லாம் அணங்கில் அடங்கிவிடும். இறை என்பது ஆளுகிறவன். திகில் படம் எடுக்கிறவர்கள் முதல் மூன்றை வைத்தே நூறு வருசமாகப் பிழைப்பு நடத்துகிறார்கள். பேய், கொடிய மிருகம், கத்தியோடு திரிகிற கொலைகாரன். நாலாமவனாகிய அரசு கடைசி ரீலில் காப்பாற்ற வருவான். போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டதும் கதாநாயகி அழுதுகொண்டே ஓடிப்போய் ஒரு அதிகாரியின் தோளில் சாய்வாள். தியேட்டரே மூச்சு விடும்.

நம் தெருவுக்குள் போலீஸ் வண்டி வந்தால் யாரும் மூச்சு விடுவதில்லை. ஆம்பளைங்க கரும்புக் காட்டுக்கு ஓடுறாங்க. பொம்பளைங்க பிள்ளைகளை வாரிக்கிட்டு உள்ளே போறாங்க. ஆகவே பயம் எல்லாருக்கும் பொது என்பது பொய். யாருடைய பயம், எந்த இடத்தில் அந்தப் பயம் தீர்ந்துபோவதாகக் காட்டுகிறார்கள் என்பதுதான் ஒரு திகில் படத்தின் அரசியல். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய படங்களைப் பார்த்தபோது எனக்கு நிலைத்து நின்ற படம் ஒன்றுதான். ஜார்ஜ் ரொமேரோ எடுத்து 1968 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் முதலில் காட்டப்பட்ட 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'.

பெரிய கம்பெனிப் படமில்லை. பிட்ஸ்பர்க் பக்கத்தில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. விநியோகக் கம்பெனி படத்தின் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை வாசகத்தைப் போட மறந்துவிட்டதால் அமெரிக்காவில் அது யாருக்கும் சொந்தமில்லாத படமாகிவிட்டது. இன்றைக்கு இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

கதை எளிமையானது. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். ஏழு பேர் ஒரு பண்ணை வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஆறு பேர் வெள்ளையர், ஒருவன் கறுப்பன். அவன் பெயர் பென். பலகை அடிப்பது, துப்பாக்கி தேடுவது, அழுகிறவளைத் தேற்றுவது, திட்டம் போடுவது எல்லாம் அவன்தான். கூப்பர் என்றொரு வெள்ளைக் குடும்பத் தலைவர் இருக்கிறார். கீழ்த்தள அறையில் ஒளிந்துகொள்வதே பாதுகாப்பு என்பார். அதைவிட, இவன் சொல்லி நான் கேட்பதா என்பதுதான் அவருடைய உண்மையான சிக்கல். ஆனால் படத்தில் ஒருவர்கூட பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாதிப் பெயரே சொல்லாமல் நடத்துவது எப்படி என்று நமக்குத் தெரியும். டீ கிளாஸை வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். கூப்பரின் முகத்தில் அந்தக் கிளாஸ் இருக்கிறது.

இரவு முழுக்கப் போராடி, மற்ற எல்லாரும் செத்துப்போக, பென் ஒருவன்தான் மிஞ்சுகிறான். பொழுது விடிகிறது. நாய்களோடும் துப்பாக்கிகளோடும் ஷெரீப்பின் கூட்டம் வயல் வழியாக வருகிறது. எல்லாரும் சாதாரண ஆட்கள். ஒருவர் ஷெரீப்புக்குக் காபி ஊற்றிக் கொடுக்கிறார். சத்தம் கேட்டு பென் மேலே வந்து சன்னல் வழியாகப் பார்க்கிறான். நெற்றியில் சுடு என்கிறார் ஷெரீப். சுடுகிறார்கள். நடைபிணம் என்று நினைத்தார்களா, வேறு ஏதாவது நினைத்தார்களா? படம் சொல்லவில்லை. யாரும் விசாரிக்கவுமில்லை. பிறகு படம் ஓடுவது நின்று, செய்தித்தாள் புகைப்படம் போலச் சொரசொரப்பான நிழற்படங்கள் வருகின்றன. இறைச்சிக் கொக்கியால் அவனை இழுத்துக்கொண்டு போய் மற்றப் பிணங்களோடு போட்டுக் கொளுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கும்பல்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. அந்தப் போட்டோக்கள் அஞ்சலட்டையாக அச்சடித்து விற்கப்பட்டன. அதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்தக் கடைசிப் படங்கள் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரொமேரோ இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றே சொல்லிவந்தார். பென் பாத்திரம் கறுப்பருக்கென்று எழுதப்பட்டதல்ல, ட்வேன் ஜோன்ஸ் நன்றாக நடித்துக் காட்டினார், எடுத்துக்கொண்டோம் என்றார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை, படச்சுருளை எடுத்துக்கொண்டு நியூயார்க் போகும் வழியில் ரேடியோவில் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறார். சரி, இயக்குநருக்குத் தெரியாது. நடிகருக்குத் தெரியும். முரட்டு லாரி ஓட்டுநராக எழுதப்பட்டிருந்த பென்னின் பேச்சைப் படித்த மனிதனின் பேச்சாக மாற்றியவர் ஜோன்ஸ். கறுப்பனைக் காப்பாற்றி முடிக்கிற போலி முடிவைவிட அவன் சாவதையே தன் மக்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று ரொமேரோவிடம் வாதாடியதாக அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். விமர்சகர்கள் ரொமேரோவைக் கொண்டாடுகிறார்கள். பாதிப் பெருமை ஜோன்சுக்குப் போகவேண்டும்.

எங்கள் இரவுப் பாடசாலையில் இந்தப் படத்தைப் போட்டோம். ஒரு மாணவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பிணம் தின்னும் காட்சிகளில் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி கேட்டார்: "ராத்திரியெல்லாம் தப்பிச்ச புள்ள, காலையில எதுக்குடா சன்னலாண்ட போனான்? ஜீப்பு சத்தம் கேட்டா உள்ளயே இல்ல கெடக்கணும்?" நான் படித்த எந்தத் திரைப்படக் கோட்பாடும் இந்த இடத்தை இவ்வளவு சரியாகத் தொட்டதில்லை. தொல்காப்பியர் சொன்ன நாலாவது அச்சம் ஆயாவுக்குப் பாடம் அல்ல, பழக்கம்.

அதே 1968-ஆம் வருசம் டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ரொமேரோவுக்கு வெண்மணி தெரியாது. வெண்மணிக்கு ரொமேரோ தெரியாது. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் வேலையல்ல. ஆனால் 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு வசதியுள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்றது. கண்ணியமானவர்களைப் பார்த்துப் பயப்பட முடியாது என்பதுதான் இதன் பொருள். திகில் படத்தின் இலக்கணமும் இதேதான். பயங்கரம் என்றால் அதற்குக் கோரமான முகம் வேண்டும். காபி குடிக்கிற மனிதருக்கு அந்த முகம் பொருந்தாது. அந்த இலக்கணத்தை ரொமேரோவின் படம் மீறியது. அதனால்தான் இதை நம்முடைய படம் என்கிறேன்.

நம்முடையது என்று உரிமை கொண்டாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1946-இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கவிதையை வாசிக்கிற நாம் அவர்கள் பயத்தையும் வாசிக்க வேண்டாமா?

இந்த நடைபிணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை இன்னும் கிட்டே வருகிறது. ரொமேரோ படத்தில் ஜோம்பி என்ற வார்த்தையே கிடையாது. அந்த வார்த்தை ஹெய்ட்டியிலிருந்து வந்தது. அங்கே நடைபிணம் மனிதக்கறி தின்னவில்லை. கரும்புக் காட்டில் வேலை செய்தது. பிரெஞ்சுக்காரன் தோட்டத்தில் ஆப்பிரிக்க அடிமைக்குச் சாவு ஒன்றுதான் விடுதலை. செத்த பிறகும் மந்திரவாதி எழுப்பிப் பண்ணை வேலைக்கு அனுப்பிவிட்டால்? ஜோம்பி கடித்துவிடுமோ என்பதல்ல, தான் ஜோம்பி ஆகிவிடுவோமோ என்பதே அவர்கள் பயம். சவுக்கடியும் சாணிப்பாலும் பார்த்த பண்ணையாள் பரம்பரைக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஹெய்ட்டியை அமெரிக்கப் படை 1915-லிருந்து 1934 வரை பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்திலேயே, 1932-இல், ஹாலிவுட் 'ஒயிட் ஜோம்பி' எடுத்தது. அதில் ஒரு காட்சியை மறக்க முடியாது. சர்க்கரை ஆலையில் நடைபிணங்கள் ஆலையைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று தவறி உள்ளே விழுகிறது. ஆலை நிற்கவில்லை, மற்றவை சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஒரு நிமிசம் அடிமையின் பயம். மீதிப் படம் முழுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மந்திரவாதி என்ன செய்வானோ என்கிற எசமானின் பயம். உழைத்துச் செத்தவனின் பயத்தைத் திருடி அவனையே பூச்சாண்டியாக்கிய வேலை இது.

ரொமேரோ படத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பார்பரா என்ற பெண்ணைப் பாதிப் படத்துக்குமேல் பேச்சற்ற பொம்மையாக உட்கார வைத்துவிட்டார்கள். பென் அவளை அறைகிற காட்சியும் இருக்கிறது. பென்னுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, சாகும்போது அழ ஆளில்லை. தனி மனித வீரம் என்ற அமெரிக்க வியாதி அவனையும் விடவில்லை.

1990-இல் டாம் சவினி மறுபடியும் எடுத்த படத்தில் பார்பராவுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள், தப்பிக்கவும் விட்டார்கள். நல்ல விசயம். ஆனால் பென்னை என்ன செய்தார்கள்? அவன் காயத்தில் செத்து, நடைபிணமாகவே எழுந்து, அதற்குப் பிறகுதான் சுடப்படுகிறான். ஆக, சுட்டவர்கள் பேரில் குற்றமில்லை. ஒரு கொலையைத் தற்காப்பாக மாற்றி எழுதுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை எழுதுகிறவர்கள் இதை எப்போதோ கற்றுவிட்டார்கள்.

அதில் பென்னாக நடித்த டோனி டாட் 1992-இல் 'கேண்டிமேன்' ஆனார். பலர் கொண்டாடுகிற படம். எனக்கு அதில் பாதி ஒப்புதல்தான். அடிமையின் மகனாகப் பிறந்த ஓவியன் வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலிக்கிறான். கும்பல் கையை அறுத்து, தேன் தடவி, தேனீக்களை விட்டுக் கொல்கிறது. காதலித்ததற்காக வெட்டப்படுகிற பிள்ளைகளைப் பார்த்துவருகிற நமக்கு இதில் புதுசு இல்லை. செத்தவன் பேயாகிறான். ஆனால் யாரைப் பிடிக்கிறான்? சிகாகோவின் கேப்ரினி கிரீன் குடியிருப்பில் இருக்கிற ஏழைக் கறுப்பர்களை! கொன்றவன் வம்சம் நிம்மதியாகத் தூங்குகிறது. கேட்டால் கலை என்பார்கள். நம் சனங்களின் அறிவு இதைவிடத் தெளிவானது. மதுரைவீரனும் காத்தவராயனும் கொலையுண்டவர்கள். கொலையுண்டதால் தெய்வமானவர்கள். அவர்களைக் கொன்ற அதிகாரத்தின் வாரிசுகளும் அவர்கள் முன்னால் பயந்து படையல் போடவேண்டியிருந்தது. செத்தவன் யாரிடம் கணக்குக் கேட்கவேண்டும் என்பதில் உடுக்கடித்துப் பாடினவனுக்குக் குழப்பமில்லை.

1968-இன் அந்த விடியலுக்குக் கறுப்பர் தரப்பிலிருந்து ஒரு பதில் வர அரை நூற்றாண்டு ஆனது. ஜோர்டன் பீல் 2017-இல் எடுத்த 'கெட் அவுட்' படத்தின் கடைசியில், ரத்தத்தோடு நிற்கிற கறுப்பு இளைஞன்மேல் வண்டியின் சுழல் விளக்கு விழுகிறது. செத்தான் என்று நினைக்கிறோம். இறங்குவது அவன் நண்பன். போலீஸ் கைது செய்வதாக முதலில் எடுத்த முடிவைப் பீல் மாற்றினார். அந்த விளக்கைப் பார்த்து நெஞ்சு அடைத்ததே, அந்தப் பயத்தை அந்த நொடிக்கு வெள்ளைப் பார்வையாளனும் சுமந்தான். இது சின்ன விசயமல்ல.

தமிழில் பேய்ப் படங்கள் வந்தபடி இருக்கின்றன. பங்களா, பழிவாங்கும் பெண், மந்திரவாதி, கடைசியில் கோயில். எடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நம்மிலிருந்து சினிமாவுக்குப் போகிற இளைஞர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். பேய்க்குச் செலவு செய்கிற காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, விடிந்த பிறகு ஊருக்குள் வருகிற ஜீப்பைப் படம் எடுங்கள். அதற்குக் கிராபிக்ஸ் வேண்டாம், சாக்லேட் பாகும் வேண்டாம். சத்தத்தை மட்டும் சரியாகப் பதிவு செய்தால் போதும்.