ஜாக்பாட் (2019 திரைப்படம்): விமர்சனப் பார்வை

ஜாக்பாட் 2019 ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்த தமிழ் நகைச்சுவைத் திரைப்படம். கல்யாண் இயக்கினார், சூர்யாவின் 2டி எண்டர்டெயின்மெண்ட் நிறுவனம் தயாரித்தது, இசை விஷால் சந்திரசேகர். ஜோதிகா, ரேவதி இருவரும் முதன்மை வேடங்களில் நடித்தனர். இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து கலாட்டா செய்யும் முழுநீள நகைச்சுவை தமிழில் அரிது என்பதால் படத்துக்கு எதிர்பார்ப்பு இருந்தது. ஏமாற்றமும் அந்த அளவுக்கே இருந்தது.

கதை

அட்சயாவும் (ஜோதிகா) மாஷாவும் (ரேவதி) சின்னச் சின்ன மோசடிகள் செய்து பிழைப்பவர்கள். காவலர் சீருடையும் அவர்கள் போடும் வேடங்களில் ஒன்று. சிறையில் சந்திக்கும் ஒரு மூதாட்டி (சச்சு), அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் ஒன்று மானஸ்தன் (ஆனந்தராஜ்) என்ற ரவுடியின் மாட்டுத் தொழுவத்தில் புதைந்து கிடப்பதாகச் சொல்கிறார். அதை எடுக்கப் போவதே மீதிக் கதை.

இந்தக் கரு மோசமானதல்ல. மணிமேகலை கையில் அமுதசுரபியோடு பஞ்சம் பீடித்த காஞ்சிக்குப் போனது தமிழ் வாசகர் அறிந்த கதை. அப்படிப்பட்ட பாத்திரம் இரண்டு திருடிகள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியிலேயே நகைச்சுவை இருக்கிறது. படமோ பாத்திரத்தைத் தேடுவதோடு நின்றுகொள்கிறது; அதைத் தேடும் இருவரும் யார் என்று கேட்பதில்லை.

இருவருக்கும் என்ன வேறுபாடு?

இருவர் கூட்டணிப் படங்களின் அடிப்படை எளிது. ஒத்துப்போகாத இரண்டு பேரை ஒரே வேலையில் கட்டிப்போட வேண்டும். ஹாலிவுட்டின் ‘லீத்தல் வெப்பன்’ (1987) முதல் இதுதான் சூத்திரம். சாண்ட்ரா புல்லக், மெலிசா மெக்கார்த்தி நடித்த ‘தி ஹீட்’ (2013) அதையே பெண்களுக்கு மாற்றியது. ஒருவர் விதிமுறை தவறாத எஃப்.பி.ஐ. அதிகாரி, மற்றவர் வாய் கூசாமல் வசைபாடும் பாஸ்டன் போலீஸ்காரி. வழக்கு என்னவென்பது பார்ப்பவர் நினைவில் தங்காமல் போகலாம். இருவரும் போட்ட சண்டை மறக்காது.

ஜாக்பாட்டில் அந்தச் சண்டை இல்லை. அட்சயாவும் மாஷாவும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள், ஒரே மாதிரி பேசுகிறார்கள். ஜோதிகாவைவிட ரேவதி 12 வயது மூத்தவர்; அந்த இடைவெளியிலிருந்துகூட ஒரு நல்ல நகைச்சுவைக் காட்சி பிறக்கவில்லை. ஒருவருக்கு மற்றவர்மீது சந்தேகம், பொறாமை, கோபம் எதுவும் இல்லை. ஆகவே நட்பும் தெரியவில்லை. மாஷா என்ற பாத்திரம் கல்யாணின் முந்தைய படமான ‘குலேபகாவலி’யிலிருந்து (2018) வந்தது. அங்கே தன் காலில் நின்று எல்லாரையும் ஏய்த்தவர், இங்கே நாயகிக்குப் பக்கத்தில் நிற்கும் துணை ஆகிவிடுகிறார்.

ரேவதிக்கு நகைச்சுவை புதிதல்ல என்பதால் இது இன்னும் உறுத்துகிறது. ‘அரங்கேற்ற வேளை’யில் (1990) பிரபுவுக்குச் சமமாக வாயாடியவர் அவர். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள். ஆனால் துப்புரவுத் தொழிலாளி பேசும் தமிழ் வேறு, பிராமணக் குடும்பப் பெண் பேசும் தமிழ் வேறு. கிரேசி மோகனின் வசனம் அந்த வேறுபாட்டிலேயே வாழ்ந்தது. 25 ஆண்டு கழித்து வந்த படம் அங்கிருந்து பின்னுக்குப் போயிருக்கிறது.

நாயகன் அச்சில் நாயகி

அட்சயாவின் பாத்திரம் ஓர் ஆண் நட்சத்திரத்துக்காக எழுதியதைப் பெயர் மாற்றித் தந்ததுபோல் இருக்கிறது. ‘ஷீரோ’ என்று புகழ்பாடும் பாட்டு, அடியாட்களைப் பறக்கவிடும் சண்டை, பஞ்ச் வசனம் எல்லாம் உண்டு. ஜோதிகா சண்டைக் காட்சிகளில் உண்மையாகவே உழைத்திருக்கிறார். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யாராலும் அடித்து வீழ்த்த முடியாத ஒருவர் மாட்டிக்கொள்வாரோ என்று யாருக்கும் பயம் வராது. மோசடிக் கதைக்கு அந்தப் பயம்தான் உயிர்.

இதற்கு வணிகக் காரணமும் இருக்கலாம். தமிழ்த் திரை வணிகம் மாநிலத்தைச் சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, மதுரை என ஏரியா பிரித்து விற்கிறது. செங்கல்பட்டு ஏரியா என்றால் சென்னைப் புறநகரும் மாமல்லபுரம் சாலையின் மல்டிபிளெக்ஸும் உள்ளூர் ஒற்றைத் திரை அரங்கும் சேர்ந்தது. இத்தனை விதமான அரங்குகளுக்கும் விநியோகஸ்தர் கேட்கும் முதல் கேள்வி ‘ஓப்பனிங்’ எப்படி என்பதே. பெண் நடிகரை நாயகன் போலக் காட்டினால் ஓப்பனிங் கிடைக்கும் என்ற கணக்கு இந்தப் படத்தின் ஒவ்வொரு சண்டைக் காட்சியிலும் தெரிகிறது.

சிரிப்பு யார் கையில்?

சண்டை ஜோதிகாவுக்குப் போனதால், சிரிக்கவைக்கும் பொறுப்பு யோகி பாபு, மொட்டை ராஜேந்திரன், ஆனந்தராஜ் ஆகியோருக்குப் போய்விட்டது. யோகி பாபுவின் பங்கில் பெரும்பகுதி அவருடைய தோற்றத்தைப் பழிக்கும் உருவக் கேலி. ஆனந்தராஜ் மட்டும் தேறுகிறார். ஒரு காலத்தில் மிரட்டும் வில்லனாக இருந்தவர், தன் மிரட்டலையே கேலிப்பொருளாக்கி ரசிக்க வைக்கிறார். அவருக்கு இரட்டை வேடம். இரண்டாவது வேடம் ஒரு பெண் போலீஸ். இரண்டு நாயகியர் சீருடையை வேடத்துக்கு மட்டும் போட்டுக் கழற்ற, கதைக்குள் உண்மையான பெண் போலீஸாக வந்து கைதட்டல் வாங்குபவர் சேலை கட்டத் தெரிந்த ஓர் ஆண் நடிகர். முந்தைய ஆண்டுதான் ‘நாச்சியார்’ படத்தில் ஜோதிகா கடுகடுப்பான காவல் அதிகாரியாக நடித்திருந்தார். அந்த முறைப்பையே கிண்டல் செய்யும் ஒரு காட்சியை இந்தப் படத்தில் ஜோதிகாவுக்கே எழுதியிருக்கலாம்.