கருவா, கரு மாதிரியா?

2023 ஜூன் 14. பாஸ்டனில் நடந்த சர்வதேச ஸ்டெம் செல் மாநாட்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மக்தலீனா ஜெர்னிக்கா-கோட்ஸ் பேசினார். அன்றைக்கே பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றில் செயற்கை மனிதக் கரு உருவாகிவிட்டதாகச் செய்தி வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "முட்டை வேண்டாம், விந்தணு வேண்டாம், கரு ரெடி" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சித்தி மகள் போன் செய்தாள். மூன்று வருடமாகக் குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவள். "அண்ணா, இது நம்ம ஊருக்கு எப்போ வரும்?"

பதில் சொல்ல ஆய்வுக் கட்டுரையைத் தேடினேன். கட்டுரையே இல்லை! மாநாட்டுப் பேச்சு மட்டும்தான். அந்த வாரமே அவரது குழுவும், இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழுவும் ப்ரீபிரிண்ட்களை வெளியிட்டன. அதாவது, சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றப்படும் வரைவுகள். கேம்பிரிட்ஜ் கட்டுரை ஜூன் கடைசியிலும், ஹன்னாவின் கட்டுரை செப்டம்பரிலும் 'நேச்சர்' இதழில் வந்தன.

படித்தபோது செய்தி வேறு மாதிரி தெரிந்தது. முதலில், 'முட்டையும் விந்தணுவும் இல்லாமல்' என்பது பாதி உண்மை. கேம்பிரிட்ஜ் குழு எடுத்துக்கொண்டது கருமூல ஸ்டெம் செல்கள். அந்த வகை செல்கள் ஆரம்பத்தில் எடுக்கப்பட்டதே, சோதனைக்குழாய் சிகிச்சையில் மிஞ்சி, தானமாகக் கொடுக்கப்பட்ட கருக்களிலிருந்துதான். அடுத்தது, உருவானது முழுக் கரு இல்லை. பனிக்குடச் சவ்வு போன்ற செல்கள் அதில் உண்டு. நஞ்சுக்கொடியாக வளரவேண்டிய பகுதி சரியாக அமையவில்லை. ஹன்னாவின் மாதிரி, 14 நாள் கருவின் அமைப்பை இன்னும் நெருங்கி வந்தது. ஆனால் சேர்த்துவைத்த செல் திரள்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் அப்படி ஒழுங்காக அமைந்தன. இந்த எண் எந்தத் தலைப்பிலும் என் கண்ணில் படவில்லை.

பத்திரிகையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இதைக் கருப்பையில் வைக்க முடியாது, சிகிச்சைக்கு இப்போதைக்கு ஆகாது என்பதெல்லாம் செய்தியின் உள்ளேயே இருந்தது. நான்தான் அதை வெட்டிவிட்டு அனுப்பினேன். என் குற்றச்சாட்டு அந்தப் பெயர் மீது. 'செயற்கைக் கரு' என்று சொன்ன உடனே கேட்பவர் மனதில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை எச்சரிக்கை எழுதினாலும் எடுபடாது. அந்த மாநாட்டை நடத்திய சங்கமே இந்தச் சொல் தவறு, 'கரு மாதிரி' என்பதே சரி என்று அறிக்கை விட்டது.

இதனால் ஆராய்ச்சி சின்னதாகிவிடவில்லை. 1984 வார்னாக் குழுவின் பரிந்துரையிலிருந்து, பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்ப்பதில்லை. பல கர்ப்பங்கள் ஆரம்ப வாரங்களிலேயே கலைந்துவிடுகின்றன. அப்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்க்க வழி குறைவு. அதைப் பார்க்கத்தான் இந்த மாதிரிகள்.

சித்தி மகளிடம் சொன்னேன்: "இது குழந்தை தர்ற விஷயம் இல்லம்மா. கரு ஏன் தங்காமப் போகுதுன்னு தேடற விஷயம். நான்தான் அவசரப்பட்டு தப்பா போட்டுட்டேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதையாவது சீக்கிரம் கண்டுபிடிக்கட்டும்ணா" என்றாள்.

அதிலிருந்து கருவளர்ச்சி உயிரியலில் புதுசாக எது வந்தாலும் மூன்று விஷயம் பார்க்கிறேன். கட்டுரை வெளிவந்துவிட்டதா? நூறு முயற்சியில் எத்தனை தேறியது? வைத்த பெயருக்கு உள்ளே சரக்கு இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை குடும்பக் குழுவில் எதுவும் போடுவதில்லை.